மஞ்சள் புள்ளி

சகலையால் முடியவில்லை என்ற செய்தி வந்தபோது ஷெட்காரருக்கு நல்ல பசி எடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி கைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"என்னங்க, அப்பாதான் பேசினாரு. வண்டி மறுபடியும் கொதிச்சிடுச்சாம். தங்கச்சி வீட்டுக்காரரு, 'எனக்குப் பிடிபடல, அண்ணனக் கூப்பிடுங்க'ன்னு சொல்லிட்டாராம்."

"யாரு சொன்னா?"

"அதான் சொன்னேனே. அவருதான்."

"அவனே சொன்னானா? அவன் வாயால?"

"ஆமாங்க. நீங்க வந்து பாப்பீங்களான்னு அப்பா கேக்கறாரு."

ஷெட்காரர் காலித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "இன்னும் கொஞ்சம் போடு" என்றார். சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துபோகும் ஆள் என்று அவரைப் பற்றி ஒரு மாதமாக வீட்டில் பேச்சு. அன்று இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

பேருக்கேற்ப, தகரக் கூரை போட்ட ஒரு கார் ரிப்பேர் ஷெட் அவருடையது. இரண்டு கார் நிற்கும். மூன்றாவது வந்தால் தெருவில் நிற்கும். அந்த வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளையாகி பதினோரு வருஷம். மாமனார் வீட்டில் தண்ணீர் மோட்டார் உறுமினாலும், மிக்ஸி முனகினாலும், கார் இருமினாலும் போன் இவருக்குத்தான் வரும். கார் சாவி வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கும். மாமனாரைத் தவிர அதைக் கேட்காமல் எடுக்கிற கை இவருடைய கை ஒன்றுதான். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாமல் இருந்ததனால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு என்று அவர் நினைத்திருந்தார்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் மச்சினிக்குக் கல்யாணமாகிச் சகலை வந்து சேர்ந்தான். அவனும் மெக்கானிக். ஆனால் ஷெட் இல்லை, கம்பெனி. பளிங்குத் தரை, கண்ணாடிக் கதவு, சட்டைப் பையில் நூலால் பின்னிய பெயர், வண்டியில் ஒயரைச் சொருகினால் நோயைச் சொல்கிற கருவி. ஷெட்காரர் அவனைக் கம்பெனிக்காரன் என்றுதான் சொல்வார், நேரில் மட்டும் தம்பி.

எல்லாவற்றையும் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாதது அவனுடைய நகம். மெக்கானிக் என்றால் நகம் சாட்சி சொல்ல வேண்டாமா? அவன் நகம் பள்ளிக்கூட வாத்தியார் நகம் மாதிரி இருக்கும். மாமியார் வீட்டுக் குழாயடியில் இவர் கை கழுவினால் சோப்பு கறுத்துப்போகும். அவன் கழுவினால் வெளுத்தபடியே இருக்கும். "சின்ன மாப்பிள்ளை வேலை முடிச்சிட்டு வந்தாலும் டாக்டர் மாதிரி இருக்காரு" என்று மாமியார் ஒருமுறை சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. அடுத்த வாரம் குழாயடியில் இரண்டு துண்டுகள் தொங்கின. ஒன்று வெள்ளை. இன்னொன்று கிழிந்த பழைய போர்வையிலிருந்து வெட்டியது. எது யாருக்கு என்று யாரும் சொல்லவில்லை. இவர் கை தானாகப் பழைய துண்டுக்குப் போனது. அதுதான் அவருக்கு இன்றுவரை எரிகிறது.

அவனிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த வண்டியைத் தொட்டாலும், பார்த்து முடித்த ஒவ்வொரு இடத்திலும் பெயின்ட் பேனாவால் ஒரு மஞ்சள் புள்ளி வைப்பான். கம்பெனி விதி. ஷெட்காரர் முதன்முதலில் அதைப் பார்த்தபோது, "என்ன தம்பி, வண்டிக்கு பொட்டு வெச்சு பூ முடிச்சு அனுப்புவீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

"மறதிக்கு மருந்துண்ணே. புள்ளி இருந்தா பாத்தாச்சுன்னு அர்த்தம். இல்லேன்னா பாக்கலேன்னு அர்த்தம். ராத்திரி தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் என் கை புள்ளி வெச்சிடும்."

"எனக்கு மனசுலயே புள்ளி இருக்கு" என்றார் இவர். அதற்கும் சிரித்தார்கள். கொஞ்சம் கம்மியாக.

ஒரு மாதத்துக்கு முன்னால் மாமனாரின் கார் கொதித்தது. பாலத்துக்கு ஏறும் வழியில் நீண்ட வரிசை. ஊர்ந்து ஊர்ந்து போகையில் சூடு காட்டும் முள் மேலே ஏறி, முன்பக்கம் ஆவி கிளம்பிவிட்டது. கார் கொதித்தது ஷெட்காரருக்கு விஷயமில்லை. எங்கே கொதித்தது என்பதுதான் விஷயம். இளைய மகள் வீட்டுத் தெருமுனையில். மாமனார் கூப்பிட்டது இளையவனை. அவன் ரேடியேட்டர் மூடியை மாற்றினான், உள்ளே சூட்டுக்குத் திறக்கும் வால்வை மாற்றினான், பழைய தண்ணீரை இறக்கிப் புதுக் கூலன்ட் ஊற்றினான். ஷெட்காரருக்குச் சேதி மூன்று நாள் கழித்து, தங்கை அக்காளிடம் சொல்லி அக்காள் கணவனிடம் சொல்லி வந்தது. அடுத்த வாரம் மாமனார் வீட்டுக்குப் போனபோது ஆணி வெறுமையாக இருந்தது.

"சாவி எங்க மாமா?"

"சின்ன மாப்பிள்ளைகிட்ட இருக்கு. ஓட்டிப் பாக்கணும்னு எடுத்துட்டுப் போனாரு."

அன்றுதான் அவர் சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. ஷெட்டில் வேலை அதிகம் என்றார்.

இப்போது கூப்பிடுகிறார்கள். அவர் வேண்டுமென்றே மெதுவாகக் குளித்தார். வேலைக்குப் போகிறவர் எதற்குக் குளிக்கிறார் என்று மனைவி கேட்கவில்லை.

மனைவியோடு போய் இறங்கியபோது மாமனார் வீட்டு முற்றத்தில் கார் மூக்கை வெளிப்பக்கம் காட்டி நின்றது. மாமனார் ஓய்வுபெற்ற குமாஸ்தா. மடித்த செய்தித்தாள் கையில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. மாமியார் படியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மச்சினி. கம்பெனிக்காரன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்து வந்தான்.

"வாங்கண்ணே."

"என்ன தம்பி, உங்க டாக்டர் மிஷின் என்ன சொல்லுது?"

"எல்லாம் சரியா இருக்குங்குதுண்ணே. சூடு ஏறுறது தெரியுது, விசிறிக்கு உத்தரவு போறது தெரியுது, விசிறியும் ஓடுது. ஆனா கொதிக்குது."

"அப்ப ஆளு நல்லாத்தான் இருக்கான், காய்ச்சல் மட்டும்தான் நூத்தி நாலுங்குற."

மாமனார் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு மாதமாக அந்தச் சிரிப்புக்காகக் காத்திருந்தது ஷெட்காரருக்கு அப்போதுதான் தெரிந்தது. கையை நீட்டினார். கம்பெனிக்காரன் பையிலிருந்து சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான். உலோகம் அவன் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. அதுகூட அவருக்குப் பிடிக்கவில்லை.

பானெட்டைத் தூக்கினார். உள்ளே எங்கு பார்த்தாலும் மஞ்சள் புள்ளி. மூடியின் மேல், குழாய்க் கவ்விகளின் மேல், வால்வு உறையின் மூன்று போல்ட்டுகளின் மேலும்.

"அம்மை போட்ட மாதிரி இருக்கு" என்றார். மச்சினி சிரிப்பை அடக்கினாள்.

எஞ்சின் குளிர்ந்திருந்தது. மூடியைத் திறந்து தண்ணீர் மட்டம் பார்த்தார். குழாய்களை அமுக்கிப் பார்த்தார். எண்ணெய்க் கம்பியை உருவித் துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் பால் ஊற்றியது போல வெளுத்திருக்கும். இது சுத்தமாக இருந்தது.

"எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்ல மாமா. உள்ள ஒண்ணும் போகல."

"அப்பாடா" என்றார் மாமனார். "நான் பயந்துட்டேன் மாப்பிள்ளை."

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வேகமா போறப்ப கொதிக்குதா, நின்னு நின்னு போறப்பவா?"

"வேகமா போனா முள்ளு அசையறதே இல்ல. வரிசையில ஊர்ந்தாத்தான்."

ஷெட்காரர் நிமிர்ந்தார். சபை அவருடையது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, முக்கியமாக ஒருவனுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஓடுற வண்டிக்குக் காத்து தானா வந்து ரேடியேட்டரத் தொடும். ஊர்ற வண்டிக்கு விசிறிதான் காத்து. அப்ப கோளாறு எங்க இருக்கணும்? விசிறியில. இத விட்டுட்டு மூடிய மாத்தி, வால்வ மாத்தி, தண்ணிய மாத்தி... தலைவலிக்குச் செருப்ப மாத்தின கதையா இருக்கு. நேத்து வேலைக்குச் சேர்ந்தவனே மொதல்ல விசிறியத்தான் பாப்பான் தம்பி."

"சரிதாண்ணே" என்றான் கம்பெனிக்காரன்.

"கண்ண மிஷின்ல வெச்சா காத்து எப்படித் தெரியும்?"

"தெரியாதுண்ணே."

அவன் திருப்பிப் பேசாதது பேச்சின் சுவையைக் கொஞ்சம் குறைத்தது. இருந்தாலும் போதுமானதாக இருந்தது. எஞ்சினைக் கிளப்பிவிட்டுக் காத்திருந்தார். முள் மெல்ல ஏறியது. பாதி. பாதிக்கு மேல் ஒரு நூல். டக் என்று ஒரு சத்தம், விசிறி ஓட ஆரம்பித்தது.

மாமனார் காரின் மூக்குக்கு எதிரே, செய்தித்தாளைக் கீழே தொங்கவிட்டபடி நின்றிருந்தார். தாளின் ஓரம் படபடவென்று அடித்து அவர் முழங்காலில் ஒட்டிக்கொண்டது.

ஷெட்காரர் அதைப் பார்த்தார்.

தாள் காரின் பக்கம் போயிருக்க வேண்டும். விசிறி முன்னாலிருந்து காற்றை ரேடியேட்டர் வழியாக உள்ளே இழுக்கும். எந்தக் காரிலும் அப்படித்தான். அவர் நடந்துபோய் மாமனாருக்குப் பக்கத்தில் நின்று, காரின் முகத்துக்கு எதிரே உள்ளங்கையை வைத்தார். அனல். கார் வெளிப்பக்கமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. விசிறி தலைகீழாகச் சுற்றியது. வண்டி ஊரும்போது முன்னாலிருந்து வரும் கொஞ்சக் காற்றும் உள்ளேயிருந்து தள்ளும் காற்றும் முட்டிக்கொண்டு நின்றுவிடும். ரேடியேட்டர் நடுவில் வேகும்.

விசிறியின் இரண்டு ஒயர்களை மாற்றி இணைத்தால் அப்படிச் சுற்றும். இரண்டு மாதத்துக்கு முன்னால், கருகிப்போன பழைய விசிறி மோட்டாரைக் கழற்றிவிட்டு வேறொரு வண்டியின் மோட்டாரை இதில் பொருத்தியது அவர்தான்.

அந்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. புது மோட்டாரின் பிளக் இதற்குச் சேரவில்லை. வெட்டிவிட்டு ஒயரோடு ஒயர் முறுக்க வேண்டியிருந்தது, நிறமும் ஒத்துப்போகவில்லை. இப்படி வந்தால் அவர் எப்போதும் ஒரு துண்டுக் காகிதத்தை ரேடியேட்டர் முன்னால் பிடித்துப் பார்ப்பார். ஒட்டிக்கொண்டால் சரி, பறந்தால் மாற்று. ஆனால் அன்று பத்தடி தள்ளி மாமனார் பக்கத்து வீட்டுக்காரரிடம் கைபேசியைக் காட்டிக்கொண்டிருந்தார். "நம்ம சின்ன மாப்பிள்ளை. கம்பெனியில அம்பது பேர்ல இவருக்குத்தான் கேடயம். கையில பிடிச்சிருக்காரு பாருங்க, எவ்வளவு பெரிசு!" ஷெட்காரர் இரண்டு ஒயரையும் ஏதோ கழுத்தைத் திருகுவது போல் திருகினார். டேப்பைச் சுற்றினார். விசிறி சுற்றுகிறதா? சுற்றுகிறது. போதும். காகிதம் பிடிக்கவில்லை. கை கழுவப் போய்விட்டார், பழைய துண்டில் துடைத்துக்கொண்டார்.

"என்ன மாப்பிள்ளை, ஏதாவது தெரியுதா?" என்றார் மாமனார்.

"பாக்கறேன் மாமா."

எஞ்சினை அணைத்தார். பேட்டரி முனையைக் கழற்றினார். குனிந்து ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலிருந்த இடுக்கில் டார்ச்சை விட்டார். அவர் மூளை வேகமாக ஓடியது. இரண்டே ஒயர். ஐந்து நிமிஷ வேலை. மாற்றிச் சேர்த்துவிட்டு, 'இணைப்பு லூசா இருந்துச்சு மாமா' என்று சொன்னால் முடிந்தது. யாருக்குத் தெரியும்? கார் கொதிக்காது. சாவி ஆணிக்கு வரும். செருப்பு மாற்றின கதை கம்பெனிக்காரன் தலையிலேயே நிற்கும். வருகிற விசேஷத்துக்கெல்லாம் மாமனார் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

டார்ச் வெளிச்சத்தில் அவருடைய இணைப்பு கிடைத்தது. கறுப்பு டேப், அதன் நுனி பிரியாமலிருக்க வெள்ளை நூலால் மூன்று சுற்று, ஒரு முடிச்சு. ஊரில் வேறு யாரும் அப்படிக் கட்டமாட்டார்கள். அது அவர் கையெழுத்து.

முடிச்சுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் புள்ளி இருந்தது.

புள்ளி இருந்தா பாத்தாச்சுன்னு அர்த்தம்.

டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனார். அவன் பார்த்திருக்கிறான். இரண்டாம் தடவை கொதித்தபோது இங்கேதான் வந்திருக்கிறான். நூல் முடிச்சைப் பார்த்திருக்கிறான், யார் வேலை என்று தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒயரைத் தொடாமல், பழக்கதோஷத்தில் புள்ளியை மட்டும் வைத்துவிட்டு, மாமனாரிடம் போய் 'எனக்குப் பிடிபடல, அண்ணனக் கூப்பிடுங்க' என்றிருக்கிறான். சற்று முன் அவ்வளவு கிண்டலுக்கும் 'சரிதாண்ணே' என்று நின்றிருக்கிறான்.

பானெட்டின் கீழ் இடுக்கு வழியாகப் பார்த்தார். கம்பெனிக்காரன் இந்தப் பக்கமே பார்க்காமல் நகத்திலிருந்து அழுக்கை எடுத்துக்கொண்டிருந்தான். இல்லாத அழுக்கை.

ஷெட்காரருக்கு வந்தது நன்றி இல்லை. எரிச்சல். சட்டையில் பெயர் உனக்கு. கேடயம் உனக்கு. வெள்ளைத் துண்டு உனக்கு. சாவியையும் எடுத்தாய். இப்போது பெருந்தன்மையும் உனக்கா? அதிலாவது எனக்கு ஒரு வாய் மிச்சம் வைக்கக் கூடாதா? பேசாமல் இருந்தால் இந்த வீட்டுக்கு அவர் ஜெயித்தவர். ஆனால் இனி ஒவ்வொரு ஞாயிறும் பந்தியில் இவன் எதிரே உட்கார்ந்து, எல்லாம் தெரிந்த கையால், 'தண்ணி வேணுமாண்ணே' என்று கேட்பான். அந்தத் தண்ணீர் எப்படித் தொண்டையில் இறங்கும்?

நூலை அறுத்தார். டேப்பை உரித்தார். ஒயர்களைப் பிரித்து மாற்றி முறுக்கினார். புது டேப் சுற்றி, நூல் கட்டினார். மஞ்சள் புள்ளி இருந்த பழைய டேப் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பேட்டரியை மாட்டி எஞ்சினைக் கிளப்பினார். முள் ஏறி விசிறி ஓடியதும், மாமனாரின் கையிலிருந்த செய்தித்தாளை வாங்கி, ஒரு தாளைப் பிரித்துக் காரின் முகத்துக்கு முன்னால் விட்டார். தாள் சட்டென்று ஒட்டிக்கொண்டது.

"கண்டுபிடிச்சிட்டாரு!" என்று மாமனார் கை தட்டாத குறை. "நான் அப்பவே சொன்னேனே. மூத்தவரு கை பட்டாத்தான் இந்த வண்டி கேக்கும்."

"நானும் அதத்தான் சொன்னேன் மாமா" என்றான் கம்பெனிக்காரன் அடக்கமாக. "அண்ணனாலதான் முடியும்னு."

அந்த அடக்கம்தான் தீக்குச்சி.

"என்னாலதான் முடியும்" என்றார் ஷெட்காரர். "கெடுத்தவனே நான்தானே."

யாருக்கும் புரியவில்லை.

"ரெண்டு மாசம் முன்னாடி விசிறி மோட்டார் மாத்தினேன்ல மாமா. ஒயர மாத்திக் குடுத்துட்டேன். விசிறி தலைகீழா சுத்தியிருக்கு. உள்ள இழுக்க வேண்டிய காத்த வெளிய தள்ளியிருக்கு. காகிதம் வெச்சுப் பாக்கணும், அன்னிக்குப் பாக்கல. தப்பு என்னோடது. தம்பி மாத்தின மூடியும் வால்வும் பழசுதான், மாத்தினது நல்லதுதான். ஆனா கொதிச்சதுக்குக் காரணம் அது இல்ல. நான்தான்."

மச்சினியின் வாய் திறந்தபடி இருந்தது. மனைவி தலை குனிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும், சொல்லியிருக்கக் கூடாதோ என்று ஒரு கணம் தோன்றியது. மாமனார் செய்தித்தாளைத் திரும்ப வாங்கி மடித்தார், ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு.

"அப்ப ரெண்டு மாசமா என் வண்டி மூச்ச வெளியவே விட்டுக்கிட்டு இருந்திருக்கு. உள்ள இழுக்கவே இல்ல."

"ஆமா மாமா."

"அப்படியும் உயிரோட இருந்திருக்கே!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். முழுச் சிரிப்பு இல்லை. "அந்த செருப்பு மாத்தின கதை என்னாச்சு மாப்பிள்ளை?"

"அந்தச் செருப்பு எனக்குத்தான் மாமா."

இப்போது எல்லோருமே சிரித்தார்கள். ஷெட்காரர் அதை வாங்கிக்கொண்டார். காது மடல் சுட்டது. மாமியார் மட்டும் சிரிக்காமல், "இத வாய் விட்டுச் சொல்றதுக்கும் ஒரு மனசு வேணும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஷெட்காரர் அதையும் வாங்கிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் கம்பெனிக்காரன் முகத்தைப் பார்த்தார். அவன் மாமியார் போன வழியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு பேரும் பாலம் வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு வந்துடுங்க" என்றார் மாமனார்.

பாலத்துக்கு ஏறும் வழியில் அன்றும் வரிசை. முன்னால் ஒரு லாரி, அதற்கு முன்னால் கண்ணுக்கெட்டிய வரை பின்விளக்குகள். ஷெட்காரர் ஓட்டினார். இருவரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிக்கு ஏறியது. விசிறி ஓடியது. முள் நின்றது. விசிறி நின்றது. மறுபடி ஓடியது. முள் பாதியைத் தாண்டவில்லை.

ஷெட்காரர் சட்டைப் பையிலிருந்து டேப் துண்டை எடுத்து அவன் மடியில் போட்டார். மஞ்சள் புள்ளி மேலே தெரிந்தது.

கம்பெனிக்காரன் அதைப் பார்த்தான். "வெச்சிட்டேனா? அடச்சே" என்றான். "கை வெச்சிடுச்சுண்ணே. எனக்கே தெரியல."

"தெரிஞ்சப்ப நீயே மாத்தியிருக்கலாமே?"

"மாத்தியிருந்தா கார் சரியாயிருக்கும். நீங்க அந்த வீட்டுப் படி ஏறியிருக்க மாட்டீங்க. ஒரு மாசமா உங்க பேச்சுதான் அங்க. 'பெரியவரு வரலையே, பெரியவரு வரலையே'ன்னு அத்தை. நான் போய் உக்காந்திருக்கேன், என்கிட்ட உங்களப் பத்தியே கேட்டா எனக்கு எப்படி இருக்கும்?"

ஷெட்காரர் சாலையிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தார். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். லாரி நகர்ந்தது; இவரும் நான்கு அடி நகர்த்தினார்.

"நீங்க கமுக்கமா மாத்திட்டு ஏதாவது சொல்லிச் சமாளிப்பீங்கன்னு நினைச்சேண்ணே" என்றான் கம்பெனிக்காரன், டேப் துண்டை விரலில் உருட்டியபடி. "எல்லார் முன்னாடியும் போட்டு உடைப்பீங்கன்னு நினைக்கல. நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சரியான பக்கம்.

"என்ன சொன்ன தம்பி?" என்றார் ஷெட்காரர். "விசிறிச் சத்தத்துல காதுல விழல."

விழுந்திருந்தது. இன்னொரு தடவை கேட்க ஆசையாக இருந்தது.